இப்போ என்ன படிக்கீங்க?

'கரிப்பு மணிகள்' இரண்டே நாளில் திரும்பி வந்தது.

நூலகத்தில் ஒரு நாவல் இவ்வளவு சீக்கிரம் திரும்பி வந்தால் காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒரே மூச்சில் படித்து முடித்திருப்பார்கள், இல்லையென்றால் பத்துப் பக்கத்தில் மூடியிருப்பார்கள். அக்கா புத்தகத்தை மேசையில் வைத்த விதத்திலேயே எது என்று தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டேன். "என்னக்கா, அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா?"

"இதுல எனக்குத் தெரியாதது என்ன தம்பி இருக்கு? விடியுமுன்ன எங்கம்மா எந்திரிச்சுப் போறது, கால் வெடிச்சுக் கெடக்கது, கண்ணு எரியுதுன்னு ராத்திரி தூங்காம புரளுதது. இத வாசிக்கவா நான் வேலை முடிஞ்சு லைப்ரரிக்கு வாரேன்?"

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதனால்தான் அது இன்னும் குத்திக்கொண்டே இருக்கிறது.

தூத்துக்குடி மாவட்டத்தில், கடற்கரையை ஒட்டிய ஒரு சின்ன ஊரின் கிளை நூலகம் அது. அக்கா ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறார். அவருடைய அம்மா முப்பது வருடத்துக்கு மேல் உப்பளத்தில் உப்பு வாரியவர். இது எனக்குத் தெரியவந்த அன்றே அலமாரிக்குப் போய் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிக'ளைத் தேடி எடுத்துக் கையில் கொடுத்தேன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 1979ல் வந்த நாவல். சரியான ஆளுக்குச் சரியான புத்தகத்தைச் சேர்த்துவிட்டோம் என்று அன்று ராத்திரி எனக்குள் ஒரு பெருமிதம்கூட இருந்தது.

நான் நாலைந்து வருடமாக இணையத்தில் புத்தகங்களைப் பற்றி எழுதுகிறேன். வாசித்தே ஆகவேண்டிய நாவல்கள், தவறவிடக் கூடாத பெண் எழுத்தாளர்கள் என்று பட்டியல்களும் போட்டிருக்கிறேன். அவற்றில் 'கரிப்பு மணிகள்' தவறாமல் இருக்கும். பக்கத்தில் 'உப்பளத் தொழிலாளர்களின் வாழ்வை ரத்தமும் சதையுமாக' என்று ஒரு வரியும் இருக்கும். இந்த 'ரத்தமும் சதையுமாக'வை எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறேன் என்று ஒருநாள் தேடிப் பார்த்தேன். எண்ணிக்கை வேண்டாம், விடுங்கள்.

என் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். எனக்கு யாரும் மளிகைக் கடை நாவல் தேடித் தந்ததில்லை. தல்ஸ்தோயைத் தந்தார்கள். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் என்ன படிக்கலாம் என்று கேட்டால், வங்கியைப் பற்றி நாவல் இருக்கிறதா என்று நான் யோசிப்பதே இல்லை. உப்பள வீட்டுப் பெண் என்றதும் மட்டும் என் கை நேராக உப்புக்குப் போனது ஏன்? அவரை ஒரு வாசகராக நான் பார்க்கவில்லை என்பதுதான் பதில். நாவலின் ஒரு கதாபாத்திரமாகப் பார்த்திருக்கிறேன். அவரவர் வாழ்க்கை எழுத்தில் வரவேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. அதற்காகத் தமிழில் பெரிய சண்டைகள் நடந்திருக்கின்றன, அவை நடந்திருக்கவும் வேண்டும். ஆனால் எழுத்தில் வரவேண்டும் என்பது வேறு, அவரவருக்கு அவரவர் கதையையே படியளக்க வேண்டும் என்பது வேறு. இரண்டாவதில் தாராளமாக ஒரு மேட்டிமை ஒளிந்திருக்கிறது. எனக்கு உலகம் முழுவதும் திறந்திருக்கும், உனக்கு உன் வீட்டுக் கண்ணாடி போதும்.

அந்த நூலகத்தில் அதிகாரபூர்வமாக ஒரு வாசகர் வட்டம் இருக்கிறது. பொன்னாடை, சிறப்பு விருந்தினர், நன்றியுரை எல்லாம் உண்டு. நான் சொல்வது அதை அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் நிறுத்தும் இடத்தில், வேப்பமர நிழலில், தன்னால் கூடுகிற ஐந்தாறு பேர். புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்தவர்கள், மாற்றிக்கொண்டு போகிறவர்கள். யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. எடுத்த எடுப்பில் "இப்போ என்ன படிக்கீங்க?"தான். 14 நாளில் புத்தகத்தைத் திருப்ப வேண்டும் என்பதால் இந்தக் கேள்விக்கு எப்போதும் புதிய பதில் இருக்கும்.

அவர்களில் மூத்தவர் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சார். அவர் எந்தப் புத்தகத்தையும் 'நல்ல புத்தகம்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. "இத நான் எங்கம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப படிச்சேன்" என்பார். "இது எனக்கு மூணாவது தடவைதான் புரிஞ்சுது" என்பார். நான் அங்கே முதன்முதலில் எடுத்த பெரிய நாவல் 'நீலகண்டப் பறவையைத் தேடி'. அதீன் பந்த்யோபாத்யாயவின் வங்க நாவல், சு. கிருஷ்ணமூர்த்தியின் மொழிபெயர்ப்பு. பிரதியில் கடைசிப் பக்கங்கள் போயிருந்தன. முந்நூறு பக்கத்துக்கு மேல் படித்துவிட்டு அந்த இடத்தில் வந்து நின்றவனின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். சாரிடம் போய் நின்றேன். வேப்பமரத்தடியில் நின்றபடியே அரைமணி நேரம் முடிவைச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பல வருடம் கழித்துச் சொந்தமாக ஒரு பிரதி வாங்கி, முதலில் கடைசிப் பக்கங்களைத்தான் படித்தேன். சார் சொன்னதில் பாதி அதில் இல்லை. இன்றைக்கும் எனக்குள் இருப்பது சாருடைய முடிவுதான்.

ஒருவர் இன்னொருவருக்கு ஒரு புத்தகத்தைச் சொல்வது விமர்சனமா, அல்லது விமர்சனத்துக்கு வெளியே நிற்கும் சின்ன வேலையா? தமிழில் இது பழைய வழக்கு. க.நா. சுப்ரமண்யத்தின் ஒரு நூலுக்குப் பெயரே 'படித்திருக்கிறீர்களா?' என்பதுதான். வாழ்நாள் முழுக்க அவர் இதைப் படியுங்கள், அதைப் படியுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், பட்டியல்கள் போட்டார். காரணம் சொல்லாமல் பெயர்களை மட்டும் அடுக்குகிறார் என்று அவர்மேல் குற்றச்சாட்டு. எதிர்ப்பக்கத்தில் சி.சு. செல்லப்பா. 1959ல் 'எழுத்து' தொடங்கி, ஒரு படைப்பு ஏன் நன்றாக இருக்கிறது என்று பிரித்து அலசிக் காட்ட வேண்டும் என்று நின்றவர். அலசலா, ரசனையா என்ற அந்தச் சண்டையில் நான் கல்லூரிக் காலத்தில் செல்லப்பா கட்சி. பட்டியல் என்றாலே எனக்கு இளக்காரம். (பிறகு நானே பட்டியல்களாகப் போட்டுத் தள்ளினேன் என்பது தனிக்கதை.)

இப்போது யோசித்தால், இரண்டு பேருமே ஆளைப் பார்த்துப் பேசியவர்கள் என்று தோன்றுகிறது. அலசல் அலசல் என்ற செல்லப்பாதான் புத்தகக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். க.நா.சு.வின் பட்டியலிலும் ஒரு கேள்விக்குறி இருந்தது. 'படித்திருக்கிறீர்களா?' என்று கேட்டால் எதிரில் பதில் சொல்ல ஒருவர் நிற்கிறார் என்று பொருள். இன்னும் கொஞ்சம் பின்னால் போனால், திருநெல்வேலியில் டி.கே.சி.யின் வட்டத்தொட்டி. கம்பன் பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி, கேட்பவர் முகத்தில் அது விழுந்துவிட்டதா என்று பார்ப்பது அவர் முறை. தனக்கு ஒவ்வாத பாட்டைக் கம்பன் எழுதவே இல்லை என்று சொல்லிவிடுகிற துணிச்சலும் அவரிடம் உண்டு, அதை நான் ஏற்க மாட்டேன். ஆனால் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பது பெரிய விஷயம். நான் போட்ட பட்டியல்களில் ஒரு முகமும் இல்லை. எல்லோருக்கும் சொன்னேன், அதனால் யாருக்கும் சொல்லவில்லை. அக்கா விஷயத்தில் முகம் எதிரிலேயே இருந்தது. நான்தான் முகத்தைப் பார்க்காமல் அவர் வீட்டு முகவரியைப் பார்த்தேன்.

அந்த மரத்தடியில் நான் கேட்ட நல்ல விமர்சனம் ஒன்றைச் சொல்கிறேன். பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன், 'அசுரன்' படத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கதைப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டு வந்தான். சார் பூமணியின் 'வெக்கை'யை எடுத்துக் கொடுத்தார். பூமணி இதே மாவட்டத்துக்காரர், கோவில்பட்டிப் பக்கம். 1982ல் வந்த நாவல் அது. அடுத்த வாரம் பையன் வந்தான்.

"எப்படிடே இருந்துச்சு?"

"படத்துல ஓடிக்கிட்டே இருப்பாங்க சார். இதுல சமைச்சுக்கிட்டே இருக்காங்க."

எல்லோரும் சிரித்துவிட்டோம். வீட்டுக்குப் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. 'வெக்கை'யைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் பெரும்பாலும் வன்முறை, பழிவாங்கல், நிலம் என்றே பேசுகின்றன. நாவலில் ஒரு கொலைக்குப் பிறகு அப்பாவும் மகனும் காட்டுக்குள் ஒளிந்து திரிகிறார்கள். அந்த நாட்களில் அவர்கள் முக்கியமாகச் செய்வது, கிடைத்ததை ஆக்கித் தின்பது, தூங்க இடம் பார்ப்பது, பேசிக்கொள்வது. கையில் ரத்தம் பட்ட ஒரு சிறுவன் அப்பனோடு உட்கார்ந்து சோறு பொங்குகிறான். வெக்கை தணிகிற இடமும் கூடுகிற இடமும் அந்த அடுப்படிதான். படம் அப்பாவை நாயகனாக்கியது, நாவலோ சிதம்பரம் என்கிற பையனின் கண்ணிலேயே நிற்கிறது. இதையும் அந்தப் பையன்தான் சொன்னான். "இதுல அந்தப் பையன்தான் சார் மெயின்." அவனுக்கும் சிதம்பரத்துக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அதனால்தான் பிடித்தது என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் நான் மறுபடியும் அதே தப்பைச் செய்கிறேன். அவனுக்குப் பிடித்தது, எதிர்பார்த்த இடத்தில் ஓட்டம் இல்லாமல் அடுப்பு இருந்தது.

அக்காவுக்கு வருகிறேன்.

அன்று 'கரிப்பு மணிக'ளை வைத்துவிட்டு அவராகவே அலமாரியில் தேடி எடுத்துப்போனது அசோகமித்திரனின் 'தண்ணீர்'. மெலிசாக இருந்தது என்பதுதான் காரணம் என்றார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. தண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் கதை, இதையும் இரண்டு நாளில் கொண்டுவந்து, குழாயடிச் சண்டையெல்லாம் எனக்குத் தெரியாதா என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். 14 நாளும் வைத்திருந்து, புதுப்பித்து, இன்னும் ஒரு வாரம் வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பேசியது தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி அல்ல, டீச்சரம்மாவைப் பற்றி. நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும். சினிமா ஆசையில் பாஸ்கர் ராவை நம்பிச் சீரழிந்த ஜமுனா, சாகத் துணிகிறாள். அதற்குப் பிறகு டீச்சரம்மா அவளிடம் தன் கல்யாணத்தைப் பற்றியும் தன் வீட்டைப் பற்றியும் சொல்வாள். ஜமுனா உயிரோடு இருக்கிறாள், குடத்தைத் தூக்குகிறாள், தெருவுக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வேலையில் இறங்குகிறாள். இந்தத் திருப்பத்தை நான் பல தடவை படித்திருக்கிறேன். ஒருவித வாழ்க்கை ஏற்பு என்று எழுதியும் இருக்கிறேன்.

அக்கா சொன்னது இது: "அந்த டீச்சரு புத்தி சொல்லல தம்பி. இப்படி இரு, அப்படி இருன்னு ஒண்ணும் சொல்லல. தன் கதையச் சொன்னா, அவ்வளவுதான். இவ பிழைச்சுக்கிட்டா."

பிறகு கொஞ்சம் நிறுத்தி, "நீங்க எனக்குப் புத்தகம் குடுத்தீங்கள்ல, அதுல நீங்க எங்க இருந்தீங்க?"

இதற்கு நான் பதில் சொல்லவில்லை. ஜமுனாவின் துயரமும் டீச்சரம்மாவின் துயரமும் ஒன்றல்ல, சொல்லப்போனால் துளியும் சம்பந்தமில்லாதவை. உன்னைப் போலவே ஒருத்தி இருக்கிறாள் பார் என்று அவள் காட்டவில்லை. தன்னைக் காட்டினாள். அசோகமித்திரன் அந்த இடத்தில் ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட வைக்காமல் எழுதியிருப்பதன் பலம் எனக்கு அன்றுதான் புரிந்தது. 'கரிப்பு மணிக'ளை நான் கொடுத்தபோது அதில் நான் எங்கேயும் இல்லை. அந்த நாவல் என்னை என்ன செய்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்களைப் பற்றிய புத்தகம் என்று மட்டும் சொன்னேன். சார் ஆஸ்பத்திரிக் கதையோடு புத்தகம் கொடுப்பது ஏன் வேலை செய்கிறது என்பதும் அப்போது விளங்கியது.

அதனால் நாவலையே மறுபடி எடுத்தேன். ராஜம் கிருஷ்ணன் ஒரு களத்தை எழுதுவதற்கு முன் அங்கே போய், மனிதர்களோடு பேசிப் பழகி, பிறகு எழுதியவர். படகர்களுக்காக நீலகிரிக்கும், தீப்பெட்டிக் குழந்தைகளுக்காகச் சிவகாசிக்கும், மீனவர்களுக்காகக் கடற்கரைக்கும் போனார். அவர் எழுத்துகள் 2009ல் நாட்டுடைமையானபோது அவர் உயிரோடிருந்தார். அந்த உழைப்பைக் குறைத்துப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் இரண்டாவது வாசிப்பில் ஒன்று கண்ணில் பட்டது. கதை நடந்துகொண்டிருக்கும்போதே கதைசொல்லி நம் பக்கம் திரும்பி உப்பளத்தை விளக்குகிறார். பாத்தி எப்படி இருக்கும், வெயில் எப்படி அடிக்கும், கங்காணி என்ன செய்வான். யாருக்கு விளக்குகிறார்? பொன்னாச்சிக்கு அல்ல. பொன்னாச்சியைப் பார்த்திராத எனக்கு. உப்பைச் சாப்பாட்டில் மட்டும் பார்த்தவனுக்கு. அக்கா பத்துப் பக்கத்தில் கண்டுகொண்டது அதைத்தான். தன் வீட்டுக் கதையை யாரோ இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருப்பதை வாசலில் நின்று கேட்பதுபோல் இருந்திருக்கும். நாவலின் குறை என்று இதைச் சொல்ல மாட்டேன். அது தேர்ந்துகொண்ட வாசகன் நான்தான், எனக்கு அது தேவையாகவும் இருந்தது. ஒரு விமர்சகன் கண்டுபிடிக்க வேண்டிய விஷயத்தைப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தவர் கண்டுபிடித்தார் என்பதுதான் என் வருத்தம்.

சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. இரண்டும் ஒன்றையே திருப்பிச் சொல்வதாக நெடுநாள் நினைத்திருந்தேன். இல்லை. 'கரிப்பு மணிக'ளுக்கான வாசகன் நான், அக்காவுக்கான நூல் 'தண்ணீர்'. இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருந்தன.

எதை வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், பிடித்தால் சரி என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 21 நாளில் கோடீஸ்வரர் ஆக்கும் புத்தகத்தை யார் கேட்டாலும் நான் எடுத்துத் தர மாட்டேன், அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். தரம் என்று ஒன்று இருக்கிறது, அதற்காக வாதாடவும் வேண்டும். மரத்தடியில் சாரும் நானும் ஜெயகாந்தனை வைத்துப் போட்ட சண்டையில் இரண்டு மாதம் பேசாமல் இருந்திருக்கிறோம். ஆனால் வாதாடும்போது எதிரில் ஒருவர் நிற்கிறார், அவர் திருப்பிக் கொடுக்கலாம், சிரித்துக்கொண்டே கொடுக்கலாம். இணையத்தில் எழுதும்போது எனக்கு அந்தப் பயம் இல்லாமல் போய்விட்டது. பட்டியலை யாரும் மேசைமேல் திருப்பி வைப்பதில்லை.

ஐப்பசி பிறந்து மழை இறங்கினால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். போன மழைக்காலத்தில் அக்கா 'கரிப்பு மணிக'ளை மறுபடி எடுத்தார். நான் கேட்காமலேயே சொன்னார். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், வேலையில்லாமல் சும்மா இருக்கிறார், சாயங்காலம் வாசித்துக் காட்டப்போகிறேன் என்று. பத்துப் பக்கம் தாண்டாதவர் அம்மாவுக்காக முழுதும் படித்துவிட்டார். அம்மா நடுநடுவே நிறுத்தி, இப்படியில்லை, அப்படி என்று திருத்தங்கள் சொல்லியிருக்கிறார். ஓரிடத்தில், இதை எழுதினவள் இங்கே வந்து பார்த்தாளா என்று கேட்டாராம். வந்து பார்த்துத்தான் எழுதினாங்களாம் என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

"அப்ப சரி, வாசின்னு சொல்லிட்டு, வெத்தலையப் போட்டுக்கிட்டா" என்றார் அக்கா.

அன்று என் கையிலும் ஒரு புத்தகத்தைத் திணித்தார். லக்ஷ்மியின் 'காஞ்சனையின் கனவு'. தமிழின் தீவிர விமர்சகர்கள் ஏறெடுத்தும் பார்க்காத வரிசை, என் பட்டியல் ஒன்றிலும் லக்ஷ்மிக்கு இடம் இருந்ததில்லை. அட்டை போய், நூலகத்துக் காலிகோ பைண்டிங்கில் இருந்தது. பின்னால் ஒட்டியிருந்த தேதித்தாள் நிரம்பி, அதன்மேல் இன்னொரு தாள் ஒட்டி, அதுவும் பாதி நிரம்பியிருந்தது.

"இது உங்களுக்குப் பிடிக்காது" என்றார். "நான் ஒம்பதாவது படிக்கும்போது, ஸ்கூலு நின்னுபோற மாதிரி இருந்த வருசம், இதத்தான் வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். படிங்க."

14 நாளில் ஒன்பது நாள் போய்விட்டது. அறுபதாவது பக்கத்தில் இருக்கிறேன். நடை எனக்கு ஒத்துவரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கேட்பார்.